டிரைவர் சீட்டில் அடைக்கோழி

ஜூலை 3, திங்கள்

ஜெசி, இத்தனை ராத்திரியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், முதலில் மன்னித்துவிடு. முகி இப்போதுதான் தூங்கினாள். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் ஏன் படுக்கையறையில் இருக்கிறது என்று கேட்காதே. பால் எடுக்கச் சமையலறைக்குப் போனால் அவள் தனியாக இருப்பாளே என்று நான்தான் நகர்த்தச் சொன்னேன்.

ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிய நாளில் போட்ட ஒப்பந்தப்படி இந்த மாதமும் எழுதி, கடைசியில் படம்பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்புவேன். போன மாதப் பக்கங்களில் முகியின் மலச்சிக்கலைத் தவிர ஒன்றுமே இல்லை என்று திட்டியிருந்தாய். இந்த மாதம் வேறு விஷயம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கார் வாங்கப் போகிறாராம்.

நவநீ கோழி மருந்து விற்கப் பல்லடத்திலிருந்து உடுமலை வரை பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவர் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினார்.

"கௌசி, இத பாரு. ஸ்போர்ட்ஸ் காராமா. ரொம்பப் பழசு."

படத்தில் ஒரு கோழிக் கொட்டகை இருந்தது. தவிட்டு மூட்டை இருந்தது. கோழிகள் இருந்தன.

"காரு எங்கீங்க?"

"கோழிக்கு அடியில."

உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எச்சம் படிந்து பச்சையா நீலமா என்றே சொல்ல முடியாத ஒரு குட்டிக் கார். மடக்குக் கூரை கிழிந்து தொங்கியது. எந்தக் கம்பெனி என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் உன் வீட்டுக்காரர் ஓமனிலிருந்தே விலை பேசிவிடுவார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். "எத்தன பேரு உக்காரலாஞ் சாமி இதுல?"

"ரெண்டு பேரும்மா."

"நாம நாலு பேரு."

"ஆமாம்மா."

"அப்ப நானும் பாப்பாவும் பொறத்தால ஓடியாறதா?"

இந்த வீட்டில் அத்தையும் நானும் ஒரே கட்சியில் நின்றது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


ஜூலை 4, செவ்வாய்

வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆரக்கம்பிச் சக்கரங்கள். நாலும் இருக்கின்றன.


ஜூலை 9, ஞாயிறு

போனோம். வேண்டாம் என்பதை நேரில் பார்த்துச் சொல்வதுதானே மரியாதை.

இரண்டு ஃபிளாஸ்க், தெர்மாமீட்டர், கொசுவலை, மாற்றுத் துணி, காய்ச்சல் மருந்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். "சுல்தான்பேட்டைக்குப் போறமா, லடாக்குக்குப் போறமா?" என்றார் நவநீ. குறைமாதத்தில் பிறந்து, நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை. கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது அவர் இல்லை, நான். அதை உனக்கு மறுபடியும் எழுத வேண்டியதில்லை.

சுல்தான்பேட்டை தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது ருக்மணியக்காவின் நாட்டுக்கோழிப் பண்ணை. அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, காலில் ஷூ. கார் அவருடைய வீட்டுக்காரர் ஒரு மில் குடும்பத்தில் மேனேஜராக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. அவர் தவறிப்போய் ஒன்பது வருஷமாகிறது.

"அவரு இருக்கற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கழுவி ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போவாரு. பொறவு நான் கண்டுக்கல. கோழிதான் கண்டுக்கிச்சு."

டிரைவர் சீட்டில் ஒரு செவலைக்கோழி உட்கார்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சிறகைச் சிலுப்பி ஒரு முறை முறைத்தது பார், எனக்கு நம் துறைத்தலைவர் மேடம் ஞாபகம்தான் வந்தது.

"புதங்கெழமதான் முட்ட வெச்சேனுங்க. பதினோரு முட்ட. குஞ்சு எறங்கற வரைக்கும் வண்டிய அசைக்கப்படாது" என்றார் அக்கா. "பெங்களூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. கோழிய எந்திரிச்சுப் போகச் சொன்னாரு. நான் அவர எந்திரிச்சுப் போகச் சொல்லீட்டேன்."

"பொறவு?"

"குஞ்சு எறங்குனதும் வாறேன்னு சொல்லீட்டுப் போயிருக்காரு. உங்களுக்கும் அதேதானுங்க. அதுக்குள்ள ரோசன பண்ணி வெய்யுங்க."

நவநீ காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்து, "ரேடியேட்டரெல்லாம் நல்லாத்தா இருக்குது" என்றார். இவருக்கு எதற்கு ஜெசி ஸ்போர்ட்ஸ் கார்?

நான் பானெட்டை மட்டும் திறந்தேன். முகி என் இடுப்பில்தான் இருந்தாள். ஒரு எலிக்கூடு, அதற்குக் கீழே ஒரு வெங்காயச் சாக்கு, அதற்கும் கீழே, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கார்புரேட்டர்கள். நாம் கல்லூரியில் குழாயை வளைத்துப் பற்றவைத்துச் செய்த அந்தப் பந்தயக் காருக்கு இரண்டு கார்புரேட்டர் வேண்டுமென்று நீ அழுதாய், துறைத்தலைவர் ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போட்டார், ஞாபகமிருக்கிறதா? செட்டிபாளையம் டிராக்கில் நான் ஓட்ட, கடைசிச் சுற்றில் பின்சக்கரம் கழன்று தனியாக ஓட, அதன் பின்னால் நீ ஓட. வயிற்றில் முகி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டேன். விட்டது விட்டதுதான்.

பார்த்தவரையில் வண்டியின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போகிறது. அதைக் கையால் அழுத்தித்தான் பார்த்தேன், கோழி கொத்தியது. கூரைத் துணி எலிக்குப் போய்விட்டது. டயர்கள் பாறை. வாங்கத் தகுந்த வண்டி இல்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பிறகு கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி டயப்பர் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வாங்குகிறவர் யாராக இருந்தாலும் சரி, அவை அப்படி அடைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர மனசு வரவில்லை.


ஜூலை 10, திங்கள்

இட்லிப் பானையில் புளித்தண்ணீர் கொதிக்கவைத்துக் கார்புரேட்டரைப் போட்டேன். அத்தை மூடியைத் திறந்துவிட்டார்கள்.

"என்ன அம்முணி வேகுது?"

"கார்புரேட்டருங்க அத்தை."

அத்தை ஆவியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்கள். "இன்னிக்குக் கிருத்திகை. சைவந்தான இது?"

மத்தியானம் புது இட்லிப் பானை வாங்கிவந்து கொடுத்து சமாதானம் செய்தேன். வாங்கி வந்தது நான் இல்லை, நவநீ. நான் எங்கே போக? நான் குளிப்பதே கதவைத் திறந்து வைத்து, வாசலில் முகியை உட்காரவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டுதான். என் பாட்டு நின்றால் அவள் அழுவாள் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவள் அழுவதில்லை. டப்பா மூடியை நக்கிக்கொண்டிருப்பாள்.


ஜூலை 12, புதன்

முகிக்குத் தும்மல். மூன்று. கோழித்தூசியாக இருக்குமோ? இனி அந்தப் பக்கமே போவதில்லை.


ஜூலை 13, வியாழன்

தும்மல் இல்லை. நேற்று அத்தை மிளகாய் வறுத்திருக்கிறார்கள்.


ஜூலை 16, ஞாயிறு

கழற்றியதைத் திருப்பி மாட்டிக் கொடுக்க வேண்டுமே, அதற்காகப் போனோம். பிரேக்குக்கு ரப்பர் வாங்கி வரச் சொல்லி, வண்டியின் பெயரை எழுதிக் கையில் கொடுத்து நவநீயை உக்கடம் பழைய சாமான் கடைகளுக்கு அனுப்பியிருந்தேன். அவர் கொண்டுவந்தது டிராக்டருடையது. "பெருசா இருந்தா நல்லா நிக்குமில்ல?" என்றார். மறுபடி போனார். மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை வீடியோ அழைப்பில் கடைக்காரரோடு நானே பேசினேன். அவர் என்னை "சார்" என்றே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை.

கொட்டகை உத்தரத்தில் அக்கா ஒரு பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் கொடுத்தார். காருக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இரண்டு எட்டுத் தூரம். நான் ஒரு ஸ்பானர் திருகு, ஒரு பார்வை, ஒரு ஸ்பானர் திருகு, ஒரு பார்வை என்று வேலை செய்தேன். முகி கோழியைப் பார்த்து "பா பா" என்றாள். அவள் முதலில் சொன்ன "பா" நவநீக்கா கோழிக்கா என்று வீட்டில் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது.

உச்சி வெயிலில் செவலைக்கோழி சீட்டைவிட்டு எழுந்தது. நான் பயந்துபோய், "அக்கா, முட்டையை விட்டுட்டுப் போகுது!" என்று கத்தினேன்.

"போகட்டும் அம்முணி. தண்ணி குடிச்சு, தீனி தின்னு, மண்ணுல ஒரு பொரளு பொரண்டுட்டு வரும். தெனமும் போறதுதான்."

"அதுக்குள்ள முட்டை ஆறிப்போயிருமே."

"ஆறாது. எந்திரிக்காமயே கெடந்தா அதுதான் சீக்கு வந்து கெடக்கும்."

நவநீ தொட்டிலை ஆட்டியபடியே, யாரையும் பார்க்காமல், "கோழிக்குக்கூடத் தெரியுது" என்றார்.

நான் ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று தேடினேன். கையில்தான் இருந்தது. கோழி திரும்பி வரும்வரை நானே முட்டைகள் மேல் சாக்குத் துணியைப் போர்த்திக் காவல் நின்றேன். அது சாவகாசமாக வந்து, துணியைக் கொத்தித் தள்ளிவிட்டு, ஏறி உட்கார்ந்தது. நன்றி கிடையாது.

கை முழுக்க கிரீஸ் இருந்த நேரத்தில் முகி எழுந்துவிட்டாள். அக்கா தூக்கிக்கொண்டு தீனிப்பக்கம் போனார். கொட்டகையின் மறுகோடி. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கை கழுவப் போவதற்குள் இந்த ஒரு நட்டை மட்டும் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்புறம் இன்னொரு நட்டு இருந்தது.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "உங்க வூட்டுக்காரரு மொத நாளு வண்டியப் பாத்ததுமே, 'இத எம் பொண்டாட்டிக்குக் காட்டோணும், இத எம் பொண்டாட்டிக்குக் காட்டோணும்'னு ரெண்டு தடவ சொன்னாருங்க. ஊசி போட வந்தவரு ஊசியவே மறந்துட்டுப் போயிட்டாரு."

நவநீ திடீரென்று தென்னை மரத்தின் உயரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

என்னிடம் காட்டாமல் பின்னே யாரிடம் காட்டுவார்? வீட்டில் இஞ்சினியர் நான்தானே. அதில் ஒன்றுமில்லை.


ஜூலை 17, திங்கள்

இன்று ஆடி ஒன்று. எங்கள் ஊர் வழக்கப்படி தேங்காய் சுட்டு முடித்ததும் அத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஆடியில் யாராவது வண்டி வாங்குவார்களா? அதுவும் கூரையில்லாத வண்டியை, குடையைப் பிடித்துக்கொண்டா போவது?

"ஆடிப் பதினெட்டன்னிக்கு வாங்கலாமுல்லம்மா, அன்னிக்கு நல்ல நாளுதான?"

"நாளு நல்ல நாளு. வண்டி நல்ல வண்டியா? கௌசிகாவே வேண்டாங்கறா. அவ படிச்ச புள்ள."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். துரு, டயர், கூரை. பிரேக்கைச் சொல்லவில்லை. அதைச் சரி செய்தாகிவிட்டது. பிளக், பாயின்ட் எதையும் சொல்லவில்லை. அவையும் சரியாகிவிட்டன. சொல்லச் சொல்ல என் பட்டியல் சின்னதாகப் போனது எனக்கே சங்கடமாக இருந்தது. கடைசியில், "முகிய எங்கீங்க உக்கார வெக்கறது?" என்று கேட்டு நிறுத்தினேன்.

"அவ எங்கம்மாகூட இருப்பா. நீ போயிட்டு வா" என்றார் நவநீ.

"எங்கே?"

"எங்கியோ."

இது ஒரு பதிலா, ஜெசி?

முடிவாகாததால் அத்தை தீர்ப்புச் சொன்னார்கள்: "வெள்ளிக்கெழம மாகாளியாத்தா கோயில்ல பூக் கேட்டர்லாம்." உங்கள் தூத்துக்குடிப் பக்கம் இது உண்டா தெரியவில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பேசியிருக்கிறது. இங்கே கல்யாணமே இப்படித்தான் முடிவாகும். எடுக்கப்போகிற குழந்தை முகி. பொட்டலம் மடிக்கிற வேலை எனக்கு. யார் பக்கமும் சாயாதவள் நான்தானாம்.


ஜூலை 21, வெள்ளி

கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் வைத்துக் குலுக்கி, "ஆத்தா, உன்ற வாக்கு" என்று முகியின் முன்னால் நீட்டினார். முகி முதலில் தட்டைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் பூசாரியின் மீசையை. மூன்றாவதாக ஒரு பொட்டலத்தை எடுத்து நேராக வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

நான் பிடுங்கினேன். காகிதம் கிழிந்தது. உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை.

நவநீ கோயிலென்றும் பாராமல் துள்ளினார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே சொல்லீட்டா, அப்பறம் நான் யாரு" என்றார்கள். ஆனால் முகம் தொங்கிப்போயிற்று. பிரசாதப் பொங்கலைக்கூட இரண்டாவது தடவை வாங்கவில்லை.

நானும் வருத்தமாகத்தான் இருந்தேன். இருந்தேன் என்று நினைக்கிறேன்.


ஜூலை 22, சனி

பூசாரி தட்டைக் கழுவும்போது மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டாராம். அதிலும் நந்தியாவட்டைதானாம். காலையில் பால் வாங்கப் போன அத்தையிடம் சொல்லிவிட்டார்.

அத்தை வீட்டுக்கு வந்த வேகத்தில் பால் பாதி கொட்டிப்போயிற்று. "நவநீதா! ஆத்தாகிட்டயே உன்ற வேலையக் காட்டுவியா நீ? மருந்து விக்கறவன் புத்தி!"

பூ கேட்டதில் இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் அது யார் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வண்டி வேண்டுமென்றவர் அவர்தானே. நவநீ ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். நான் முகிக்கு ராகி ஊட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப கவனமாக. அவர் வாயை மூடிக்கொண்டு, "தப்புத்தாம்மா" என்றார். சொல்லும்போது அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நீயே சொல் ஜெசி. பூக்காரம்மா கொடுத்தது செவ்வரளி. அரளி விஷம். எடுக்கப்போகிறதோ எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற குழந்தை. ஒரு தாய் அந்தப் பொட்டலத்தில் அரளியை வைப்பாளா? செம்பருத்தி வைத்திருக்கலாமே, ரோஜா வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே.


ஜூலை 23, ஞாயிறு

வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. பேட்டரியை சார்ஜுக்குப் போட்டேன். பேட்டரியை ஏன் வாங்கினோம் என்று அத்தை கேட்டிருக்க வேண்டும். பேசாமல் இருந்ததால் கேட்க முடியவில்லை.


ஜூலை 26, புதன்

ருக்மணியக்கா போன் செய்தார். ஒன்பது குஞ்சு. இரண்டு முட்டை கூமுட்டை. போனைக் காரின் பக்கத்தில் பிடித்துக் கீச்சுக்கீச்சென்ற சத்தத்தைக் கேட்கவைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். அத்தையும் வந்து நின்று கேட்டார்கள்.

"தாய்க்கோழி நல்லாருக்குதுங்களா?" என்று அத்தை கேட்டார்கள்.

"ஒரு சுத்து எளச்சிருக்குதுங்க. இனித் தின்னு தேறீரும். பெங்களூர்க்காரரு திங்கக்கெழம வாறேன்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு வேணும்னா ஞாயித்துக்கெழமையே வந்து ஓட்டிப் பாத்துருங்க."

போனை வைத்ததும் அத்தை என்னையே பார்த்தார்கள். "நானும் வாறேன். பாப்பாவ யாராச்சும் வெச்சுக்கோணுமல்லொ" என்றார்கள்.


ஜூலை 30, ஞாயிறு

இன்றும் ரொம்ப நேரமாகிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து வைத்து ஐஸ் எல்லாம் உருகிப்போகிறது. ஆனால் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

எல்லோரும் போனோம். குஞ்சுகளைக் கூண்டுக்கு மாற்றி, அக்கா வண்டியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி வைத்திருந்தார். பச்சை, ஜெசி. நனைந்த வாழையிலையின் பச்சை. டிரைவர் சீட்டில் மட்டும் கோழி உட்கார்ந்த இடம் குழிவாக, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

பேட்டரியை மாட்டினேன். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். புகையைக் கக்கி, ஒரு கொட்டகைக் கோழியையும் பாக்கி வைக்காமல் விரட்டிவிட்டு, உறுமத் தொடங்கியது. முகி கை தட்டினாள். அத்தை, "ஆத்தாடி, இது என்னம்மா இப்பிடிக் கனைக்குது" என்று இரண்டடி பின்னால் போனார்கள்.

முதலில் நவநீதான் ஏறினார். கிளச்சை விட்டார், நின்றது. மறுபடி விட்டார், தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. மூன்றாவது தடவை தவிட்டு மூட்டை மேல் போய் நின்றது. அவர் மெதுவாக இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு கௌசி" என்றார். முகம் ஒன்றும் வாடியிருக்கவில்லை. தோற்றவர் மாதிரியே இல்லை.

"பாப்பா?"

முகி ஏற்கெனவே அத்தையின் இடுப்பில் இருந்தாள். ஒரு கோழிக்குஞ்சை அவளிடம் காட்டிக்கொண்டிருந்தார் அக்கா.

"போ அம்முணி. நாலு பெத்து வளத்தவ நானு. ஒண்ணையும் தொலைக்கல" என்றார்கள் அத்தை.

"வாய்க்கால் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க. அழுதா போன் பண்ணுங்க. தெர்மாமீட்டர் சைடு ஜிப்புல இருக்குது. ராகி ஃபிளாஸ்க்ல..."

"போடி" என்றார் நவநீ. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் என்னை டி போட்டது இதுதான் முதல் தடவை. நான் போனேன்.

டயர் பழசு, நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். இரண்டாவது கியரில் ஏறும்போது அது ஒரு மாதிரி தொண்டையைச் செருமும், உனக்குப் பிடிக்கும். ஸ்டியரிங் நேராகக் கைக்குள் வந்து பேசுகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து போவதில் சாலையோரத் தக்காளிச் செடிகூட மரமாகத் தெரிகிறது. வெயில், சாணி, பெட்ரோல், கோழி எல்லாம் கலந்த வாசனை. காற்றாலைகள் என்னோடு கூடவே ஓடிவந்தன. ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நான் கை காட்டினேன். சட்டம் ஐம்பத்தைந்தில் மீறப்பட்டது.

திரும்பி வந்தபோது முகி அழுதிருக்கவில்லை. ஒரு கிண்ணம் ராகி முழுசாகத் தின்றிருந்தாள். என் கையில் நாலு வாய்க்கு மேல் தின்னாதவள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, மறுபடியும் கோழிக்குஞ்சைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நவநீ அக்காவிடம் விலையைக் குறைக்க மெல்ல மெல்லப் பேச்சை வளர்த்து, அக்காவும் இறங்கிவரும் நேரம். நான் நடுவில் போய், "எடுத்துக்கறோங்க்கா" என்றேன். அக்கா சிரித்துவிட்டார். நவநீ தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை மட்டும் என்னையே உற்றுப் பார்த்து, "அரளி கெடைக்கலயா அம்முணி அன்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முகிக்கு வாய் துடைக்கப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

வாய்க்கால் பாலத்தில் திரும்புவதாகச் சொன்னேன் அல்லவா, திரும்பவில்லை. பாலம் வந்தது, பார்த்தேன், நாலாவது கியரைப் போட்டேன். அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. ஓர் இடத்தில் செம்மறிக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் முன்னால் ஒரு குழந்தையை நிறுத்தி வைத்திருந்தாள். அது என் காரைப் பார்த்து இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. எவ்வளவு அழகான குழந்தை என்று நினைத்தேன். அதன் பிறகுதான் ஜெசி, அதன் பிறகுதான் எனக்கும் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

நடுவில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. போனைப் பார்க்கவில்லை. அழுவாளோ என்று தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து, தூக்கத்தில்கூட நான் அவளை மறந்ததில்லை. ஆடுகள் போய் முடிந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. அந்தப் பெண், "ஏனுங்க, வண்டி ஆஃப் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க, நல்லாத்தா ஓடுது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் வேகமாக வந்தேன். அவளிடம் ஓடி வரத்தான் அந்த வேகம் என்று சொல்லத்தான் ஆசை.

எடுத்துக்கொள்கிறோம் என்று வாய் சொல்லிவிட்டது. பெங்களூர்க்காரரை வியாழக்கிழமை வரைக்கும் தள்ளிப்போடுவதாக அக்காவும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையை மறக்கவைக்கிற வண்டி ஒரு வீட்டுக்கு எதற்கு? இதை நவநீயிடம் கேட்டால் சிரிப்பார். அத்தையிடம் கேட்க வாய் வராது.

உன்னிடம்தான் கேட்க முடியும். பிறந்த நாலாம் மாதமே உன் ரெட்டைக் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நீ. எப்போதாவது, ஒரே ஒரு தடவையாவது, அவர்களை முழுசாக மறந்திருக்கிறாயா? மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோது அவர்கள் உன்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தார்களா? எனக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பொய் எழுதாதே. ஆனால் இல்லை என்றும் எழுதிவிடாதே.

வியாழக்கிழமை ஆடிப் பதினெட்டு. அன்று காலையில் வெற்றிலை பாக்கோடு போய் அக்காவின் கையில் அட்வான்ஸைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் செய்து மாட்டோம் என்று சொல்ல வேண்டும். மாதக் கடைசி என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கங்களை இப்போதே படம்பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் பதில் போடு, ஜெசி. சீக்கிரம் போடு.